படித்தோர் படிப்போர்க்கு உரைத்தல்: க. நா. சு.வும் சின்னமனூர்ச் செல்லப்பாவும்

முன்னுரை

ஒரு நூலைப் படித்து மகிழ்ந்தவன் அதனைத் தன்னை ஒத்த மற்றொருவனுக்கு எடுத்துரைக்க விரும்புதல் இயல்பு. அவ்விருப்பம் பேச்சளவில் நின்றுவிடின் அதனை நட்பின் கடமை எனலாம். காரணம் காட்டி நிறுவப்படுமாயின் அதுவே திறனாய்வின் தொடக்கமாகும். தமிழ்த் திறனாய்வு வரலாற்றை எழுதுவோர் இவ்வெளிய செயலைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. கோட்பாடுகளையும் அவற்றின் தோற்றத்தையும் ஆராயும் நாம், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு ஒரு நூல் செல்லும் வழியை ஆராய்வதில்லை. ஆயினும் தமிழில் நேர்ந்த பெரிய மாறுதல்கள் சில அவ்வழியிலேதான் நேர்ந்துள்ளன.

1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்ந்த உரையாடலைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். அந்நகரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரை நோக்கி, கற்ற நூல்கள் யாவை என வினவினார். ஐயர் அடுக்கிக் கூறிய பிரபந்தங்களும் புராணங்களும் முதலியாருக்கு நிறைவளிக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். பின்னர் அந்நூலின் கையெழுத்துப் படி ஒன்றையும் ஐயருக்குக் கொடுத்தார். 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அதனைத் தொடர்ந்தன. ஈண்டு நாம் கருதவேண்டுவன இரண்டு. இத்துணைப் பெரிய தொண்டு ஒரு வாசகர் மற்றொரு வாசகரைக் கேட்ட ஒரு வினாவிலே தொடங்கிற்று என்பது ஒன்று. கேட்டவர் வினாவோடு நின்றுவிடாமல் நூலையும் கொடுத்தார் என்பது மற்றொன்று.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இதே வினாவைத் தம் நூலொன்றின் பெயராகவே அமைத்தவர் க. நா. சுப்பிரமணியம். ‘படித்திருக்கிறீர்களா?’ என்பது அந்நூலின் பெயர். நூல்களைப் பையிலிட்டுத் தாமே சுமந்து சென்று படிப்போர் கையில் சேர்த்தவர், கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த சின்னமனூரிற் பிறந்த சி. சு. செல்லப்பா. இருவரும் 1912-ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். ஒரே காலத்தில் எழுதியவர்கள். நெருங்கிப் பழகியும் கருத்து வேறுபட்டும் நின்றவர்கள். அண்மையில் இவ்விருவர்தம் திறனாய்வு நூல்களையும் ஒருங்கே மீண்டும் படித்தபோது எழுந்த ஓர் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம். நூற்பரிந்துரை எப்போது திறனாய்வு ஆகின்றது? எப்போது வெறும் பட்டியலாக நின்றுவிடுகின்றது? இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

பாயிர மரபு

உடன் கற்போர்க்கு ஒரு நூலை அறிமுகம் செய்யும் முறை தமிழுக்குப் புதியதன்று. சிறப்புப் பாயிரம் என்னும் உறுப்பு அப்பணியையே செய்தது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் அதன் ஆசிரியரோடு ஒருங்கு கற்றவர் என்பது உரையாசிரியர் கூற்று. நன்னூலார் இம்மரபை விதியாகவே வகுத்தார். ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் பாயிரத்துள் விளங்கவேண்டும் என்றார். நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விலக்கி, பாயிரம் உரைத்தற்கு உரியோராக அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகியோரைக் குறித்தார். இந்நால்வருள் உடன் கற்றோனுக்கும் இடம் அளித்திருத்தல் நோக்கத்தக்கது. ஒரு நூலைப் பற்றிச் சான்று கூறும் உரிமை மேலோர்க்கு மட்டும் உரியதன்று; ஒத்த நிலையில் இருந்து கற்றவனுக்கும் உண்டு என்பது அதனாற் பெறப்படும்.

கல்வியின் கூறுகளைப் பகுக்குமிடத்தும் நன்னூலார் இக்கருத்தை வலியுறுத்துகின்றார். ஆசிரியன் உரைப்பதை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறும் புலமை காற்கூறே. உடன் பயில்வாரோடு பயிலுங்கால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் நிறைவுறும் என்பது அவர் கணக்கு. ஆகவே, படித்ததைப் பிறர்க்கு உரைத்தல் கேட்போனுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. உரைப்போனின் கல்வியே அதனால்தான் முழுமை பெறுகின்றது.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் பாயிரம் நூலோடு இணைந்தே இருந்தது. நூல் கையில் உள்ளவனே பாயிரத்தையும் படித்தான். அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. நூல்கள் பெருகின, நூல் ஓரிடத்திலும் படிப்போன் வேறோரிடத்திலும் ஆயினர். எனவே பாயிரம் நூலை விட்டுப் பிரிந்து, இதழ்களின் வழியே படிப்போனைத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. இவ்வாறு இடம்பெயர்ந்த பாயிரமே இக்கால மதிப்புரை எனலாம். அதன்கண் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. இன்ன நூல் உண்டு எனக் கூறுதல் முதலாவது. இதனைச் சுட்டல் என்போம். அது சிறந்தமைக்குக் காரணம் நூலிலிருந்தே எடுத்து விளக்குதல் இரண்டாவது, இது காட்டல். நூல் படிப்போன் கையை அடையச் செய்தல் மூன்றாவது, இது சேர்த்தல். இம்மூன்றன் துணைகொண்டு இருவர் பணியையும் மதிப்பிடலாம்.

சுட்டல்: க. நா. சு.வின் வழி

க. நா. சு. படிப்பதையே வாழ்வின் முதற்பணியாகக் கொண்டவர். ‘சூறாவளி’, ‘சந்திரோதயம்’, ‘இலக்கிய வட்டம்’ எனத் தாம் நடத்திய இதழ்களிலெல்லாம் நூல்களைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். பிறமொழி நூல்களைப் பரிந்துரைத்ததோடு அமையாமல் சிலவற்றைத் தாமே மொழிபெயர்த்தார். நார்வே நாட்டு நட் ஹாம்சனின் ‘நிலவள’மும் சுவீடன் நாட்டுச் செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’வும் அவர் மொழிபெயர்ப்பால் தமிழில் இடம்பெற்றன. தமிழிலோ, ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’ போன்ற நாவல்களை அவர் விடாது எடுத்துரைத்து வந்தார். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வாழ்வைக் கூறும் அந்நாவல் இன்றும் பேசப்படுவதற்கு அவர் பரிந்துரை ஒரு பெருங்காரணம் என்பதைத் திறனாய்வாளர் மறுப்பதில்லை.

அவர் நடை உடன் கற்றோன் ஒருவனின் நடை. ஆசிரியர் இருக்கையில் அமர்ந்து அவர் பேசுவதில்லை. தாம் படித்தபோது உற்ற உணர்வைச் சில பக்கங்களிற் கூறி, இனி நீங்கள் படித்துப் பாருங்கள் என்று விலகிக்கொள்கின்றார். கதைச்சுருக்கம் கூறி நூலின் சுவையைக் கெடுப்பதில்லை. நீண்ட படிப்பினாற் பண்பட்ட சுவையுணர்வே அளவுகோல் என்பது அவர் கொள்கை. அவ்வுணர்வு படிப்போனிடத்தும் படிப்பினாலேயே உண்டாகும் என அவர் நம்பினார்.

இவ்வழியின் வலிமையும் குறையும் ஓரிடத்திலேயே உள்ளன. சுட்டுதல் சுருக்கமானது, ஆதலின் எளிதிற் பரவும். ஆனால் சுட்டியவனின் பெயர் வளரவளரக் காரணம் மறைந்துபோகும். க. நா. சு. சிறந்த எழுத்தாளரின் பெயர்களை அடுக்கித் தந்த பட்டியல்கள் அவர் காலத்திலேயே பெரும் பூசலுக்கு இடமாயின. இடம்பெற்றோர் ஏன் இடம்பெற்றனர், விடுபட்டோர் ஏன் விடுபட்டனர் என்பதற்குப் பட்டியல் விடை கூறாது. காரணம் கூறப்படாத தீர்ப்பை ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். அதனோடு உரையாட இயலாது. உரையாட இயலாத இடத்தில் உடன் கற்றல் நிகழாது. இஃது அவர் சுவையுணர்வின் குறையன்று. சுட்டல் தனித்து நிற்கும்போது நேரும் குறை என்க.

காட்டல்: செல்லப்பாவின் வழி

சின்னமனூரில் 1912-இல் பிறந்த செல்லப்பா வளர்ந்தது வத்தலக்குண்டில். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய இராஜமையரும், மணிக்கொடியைச் சிறுகதை இதழாக நடத்திய பி. எஸ். இராமையாவும் அவ்வூரினரே. 1950-களின் நடுவில் தமிழ்ச் சிறுகதை, நாவல்களின் நிலை பற்றிச் செல்லப்பாவும் க. நா. சு.வும் நாளிதழில் எழுதிய கட்டுரைகள் எதிர்ப்பை எழுப்பின. திறனாய்வுக்கென ஓர் இதழ் வேண்டும் என்னும் எண்ணம் அச்சூழலில் உருப்பெற்றது. 1959-ஆம் ஆண்டு சனவரியில் செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ 1970 வரை வெளிவந்தது. க. நா. சு.வும் தொடக்கத்தில் அதில் எழுதினார்.

செல்லப்பா தம் முறைக்கு இட்ட பெயர் அலசல் என்பது. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், டி. எஸ். எலியட் முதலிய மேலைத் திறனாய்வாளர்களைத் தாமே முயன்று கற்று, அவர்தம் முறைகளைத் தமிழ்ப் படைப்புகளின்மேற் செலுத்திப் பார்த்தார். ஒரு கதை நன்று என்று கூறுவதோடு அவர் மனம் அமைதியுறுவதில்லை. கதை எவ்விடத்திலே தொடங்குகின்றது, யார் பார்வையிற் செல்கின்றது, எச்சொல் எவ்வுணர்வை எழுப்புகின்றது, முடிவு தொடக்கத்தோடு எவ்வாறு இயைகின்றது என ஒவ்வொன்றாகக் காட்டுகின்றார். ‘தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது’ என்னும் நூலில் வ. வே. சு. ஐயர் முதல் மணிக்கொடி எழுத்தாளர் வரையுள்ளோர் கதைகளை இவ்வாறே ஆராய்ந்துள்ளார். பண்டை உரையாசிரியர் ஒரு செய்யுளைத் துறை, சொல், பொருள், இறைச்சி எனப் பகுத்து விளக்கிய உழைப்பு இதனோடு ஒப்பிடத்தக்கது.

காட்டலின் பயன் யாது? அது மறுப்பதற்கு இடந்தருகின்றது. இன்ன வரியினால் இக்கதை சிறந்தது என ஒருவர் கூறின், அவ்வரியையே எடுத்து மற்றொருவர் மறுக்கலாம். ‘எழுத்து’ இதழில் அவ்வாறே நடந்தது. சில நூறு வாசகரையே பெற்றிருந்த அவ்விதழில் படிப்போரே எழுதுவோர் ஆயினர். வெங்கட் சாமிநாதன் திறனாய்வாளராக வெளிப்பட்டது அங்கேதான். திருகோணமலையில் இருந்த தருமு சிவராமு இளம்பருவத்திலேயே அதில் கவிதையும் கட்டுரையும் எழுதினார். நன்னூலார் கூறிய பயில்வகைக் காற்கூறும் எடுத்துரைக்கும் அரைக்கூறும் அவ்விதழின் பக்கங்களில் ஒருங்கு நிகழ்ந்தன எனலாம்.

ஆயினும் இவ்வழியிலும் ஒரு குறை உண்டு. அலசல் நீளுந்தோறும் மூலநூல் கையில் இல்லாதவன் பின்தொடர இயலாது தளர்கின்றான். பழைய இதழ்களில் வெளிவந்து நூல்வடிவம் பெறாத கதைகளைப் பற்றிய விளக்கம், அக்கதைகளைப் படியாதவனுக்கு வெறும் சொற்பெருக்காகவே தோன்றும். காட்டுதற்குப் பொருள் எதிரே இருத்தல் வேண்டும். இதனைச் செல்லப்பா நன்கு உணர்ந்திருந்தார் என்பதை அவருடைய மூன்றாம் செயல் புலப்படுத்துகின்றது.

சேர்த்தல்

எழுத்து பிரசுரம் என்னும் பெயரில் செல்லப்பா நூல்களைத் தாமே வெளியிட்டார். 1962-இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞர்தம் 63 கவிதைகளைக் கொண்டது. பெரிய பதிப்பகங்கள் ஏற்காத புதுக்கவிதைக்கு அது முதல் தொகுப்பாக அமைந்தது. அச்சிட்ட நூல்களை விற்பனையாளரிடம் விட்டுவிட்டு அவர் காத்திருக்கவில்லை. பைகளிலே நிறைத்துச் சுமந்துகொண்டு ஊர்தோறும் கல்லூரிதோறும் சென்றார். ஆசிரியரையும் மாணவரையும் கண்டு பேசினார். நூலை அவர்கள் கையிற் கொடுத்தார்.

தாமே வெளியிட்ட நூலைத் தாமே பரிந்துரைத்தல் வாணிகம் ஆகாதோ என ஒருவர் வினவலாம். தற்புகழ்ச்சியை விலக்கிய நன்னூல் விதிக்கும் இது மாறாகத் தோன்றும். ஆனால் வாணிகப் பரிந்துரை காரணத்தை மறைக்கும். செல்லப்பாவின் பரிந்துரையோ காரணங்களை முன்னரே இதழில் எழுதிவைத்து, மறுப்போரையும் அவ்விதழிலேயே எழுதவிட்டது. விற்பவனின் சொல்லை வாங்குவோன் ஆராய்ந்து பார்க்க வழியிருக்குமாயின் அதனைத் திறனாய்வின் எல்லைக்குள்ளேயே வைக்கலாம்.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்கவேண்டும் என்பது. சென்னை மாநிலத்தில் 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் அவர் முயற்சியின் பயன். அரசு சட்டத்தாலும் கட்டடத்தாலும் செய்யக்கூடிய பணியின் ஒரு சிறு பகுதியைத் தனியொருவர் தம் தோளாற் செய்தார். இவ்விடத்தில் அவர் பிறந்த ஊரின் பழம்பெருமை ஒன்றும் நினைவிற்கு வருகின்றது. பாண்டியர் வரலாற்றிற்கு முதன்மையான சான்றாக விளங்கும் சின்னமனூர்ச் செப்பேடுகள், அம்மரபினர் மதுரையிற் சங்கம் நிறுவியதையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அவர்தம் புகழ்களுள் வைத்துக் கூறுகின்றன. நூலை மக்கள்பாற் சேர்ப்பித்தல் வெற்றிகளோடு ஒருங்கு எண்ணத்தக்க செயல் எனக் கருதிய மரபு அது.

ஒரு சான்று: ‘வாடிவாசல்’

கூறிய முறையைச் செய்துகாட்டாமல் விடுதல் முறையன்று. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ என்னும் குறுநாவலை உடன் கற்போர்க்குப் பரிந்துரைப்பின், பாயிரத்தின் எட்டும் எவ்வாறு அமையும் எனக் காண்போம்.

ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் மேலே கூறப்பட்டன. வழி என்பதைப் பொருள்மரபு எனக் கொள்ளின், முல்லைக்கலியின் ஏறுதழுவலோடு இந்நூல் உறவுடையது. எல்லை, மதுரை வட்டாரப் பேச்சு வழங்கும் நிலம், என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பால் அவ்வெல்லை இன்று விரிந்துள்ளது. யாப்பாவது நூலின் கட்டமைப்பு. ஒருநாள் நிகழும் சல்லிக்கட்டினுள் கதை முழுதும் அடங்குகின்றது; பெரும்பகுதி உரையாடலாகவே நடக்கின்றது. நுதலிய பொருளாவது, காரி என்னும் காளையால் உயிரிழந்த தந்தையின் பொருட்டு, மைத்துனன் மருதனோடு வரும் பிச்சி என்னும் இளைஞன் அக்காளையை அணைதல். அக்காளை ஜமீன்தாருக்கு உரியது.

சிறப்பிற்குக் காரணம் யாது? முல்லைக்கலியில் ஏறு தழுவியவன் காதலியைப் பெறுகின்றான். வெற்றி இரு குடும்பங்களை இணைக்கின்றது. ‘வாடிவாச’லில் வெற்றி எவரையும் இணைப்பதில்லை. பிச்சி பெறுவது மணமும் அன்று, நிலமும் அன்று. தந்தையின் கடன் தீர்ந்தது என்னும் நிறைவு ஒன்றே. மறுபுறம் ஜமீன்தாரின் மதிப்பு முழுதும் காளையின்மேல் ஏற்றப்பட்டிருக்கின்றது. ஆகவே தோற்ற காளை அதன்பின் வாழ இயலாது. ஜமீன்தார் அதனைச் சுட்டு வீழ்த்துகின்றார். விலங்கின் சினத்தினும் மனிதனின் பெருமித உணர்வு கொடியது என்பதை ஆசிரியர் எங்கும் வாய்விட்டுக் கூறாமல், அவ்விறுதி நிகழ்ச்சியாலேயே உணர்த்திவிடுகின்றார். பழைய துறை ஒன்று புதிய சமூகத்துள் புகுந்தபோது அதன் பொருள் எவ்வாறு தலைகீழாயிற்று என்பதே இந்நூலின் உயிர்நிலை.

கேட்போர், கலித்தொகை பயிலும் மாணவர். முல்லைக்கலியைப் பாடமாகக் கேட்ட வாரத்திலேயே இதனைப் படிப்பாராயின் இரண்டும் ஒன்றனை ஒன்று விளக்கும். அதுவே பயனுமாகும். இக்காரணங்களை ஏலாதார் மறுக்கலாம். பிச்சியின் வெற்றியை மருதனின் நட்போடு இணைத்துக் கண்டு, வெற்றி எவரையும் இணைக்கவில்லை என்பது பிழை எனலாம். அவ்வாறு மறுப்பதற்கும் நூலைத் திறந்து படித்தே ஆகவேண்டும்.

முடிவுரை

1996-இல் மதுரை மாவட்டத்தினின்று பிரிந்த தேனி மாவட்டம், சாகித்திய அக்காதெமி விருது பெற்ற மூவரைத் தன்னோடு தொடர்புபடுத்திக் கூறிக்கொள்ளலாம். சின்னமனூரிற் பிறந்த செல்லப்பாவின் ‘சுதந்திர தாக’த்திற்கு அவர் மறைந்தபின் 2001-இலும், வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்திற்கு 2003-இலும், பெரியகுளத்தைச் சார்ந்த மு. மேத்தாவின் ‘ஆகாயத்துக்கு அடுத்த வீடு’ என்னும் கவிதை நூலுக்கு 2006-இலும் அவ்விருதுகள் வழங்கப்பட்டன. விருதும் ஒருவகைச் சுட்டலே. அது நூலின் பெயரை நாடறியச் செய்யும். நூலின் உள்ளே நம்மை அழைத்துச் செல்லாது. வைகை அணையின் பொருட்டு ஊரிழந்த மக்களின் துயரை ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ கூறுகின்றது என்பதை அறிந்த மாணவர் பலர். அத்துயர் எந்தச் சொல்லால் எவ்வாறு உருவாக்கப்பட்டுள்ளது என்று காட்ட வல்லவர் சிலரே. விருது நின்ற இடத்திலிருந்து திறனாய்வாளர் தொடங்கவேண்டும்.

நம் ஆய்வேடுகளின் நிலையும் இதுவே. நூற்பட்டியல் நீள்கின்றது. ஆயின் அப்பட்டியலில் உள்ள ஒரு நூலை உடன் பயில்வானிடம் கொடுத்து, இதனை இன்ன காரணத்தாற் படிக்க என்று கூறும் வழக்கம் அருகி வருகின்றது. பட்டியல் படித்தமைக்குச் சான்றாகலாம். பிறரைப் படிக்கச் செய்தமைக்குச் சான்றாகாது. சுட்டல் மட்டும் உடைய பரிந்துரை ஆணையாக மாறும். காட்டல் மட்டும் உடையது தேர்வுக் குறிப்பாக உலரும். சேர்த்தல் மட்டும் உடையது வாணிகமாகத் தாழும். மூன்றும் ஒருங்கே அமையும்போது அது திறனாய்வாக நிற்கும். க. நா. சு.விடம் முதற்கூறு மிக்கிருந்தது. செல்லப்பாவிடம் பின்னிரண்டும் மிக்கிருந்தன. ஒருவர் குறையை மற்றவர் நிறை ஈடுசெய்தமையால் அத்தலைமுறையின் வாசகர் நலம் பெற்றனர். இருவர் பட்டியல்களில் எதனை ஏற்பது என்று வழக்காடுவதினும், இருவர் செயல்களையும் ஒருவரே மேற்கொள்ளுதல் இன்றைய தேவை.

ஆதலின் முதுகலை மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகின்றேன். இத்திங்களில் நீங்கள் படித்த நூல்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்க. அதன் சிறப்பிற்கு ஒரு காரணத்தை நூலிலிருந்தே எடுத்து எழுதுக. அக்குறிப்போடு அந்நூலையும் உடன் கற்பார் ஒருவர் கையிற் கொடுக்க. அவர் மறுப்பாராயின் கேட்டுக்கொள்க. நன்னூலார் கூறிய அரைக்கூறு அப்போது தொடங்கும்.